வெள்ளிக்கிழமைகளில் பிரகாசித்த முருகன்

வத்தேகம சந்தைக்குப் பின்புறம் தகரக் கொட்டிலில் வாகன வயரிங் வேலை செய்யும் மூக்கையாவுக்கு அறுபத்து மூன்று வயது. கை நடுக்கம் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் முடியளவு செம்புக் கம்பியைக்கூடப் பிரித்துவிடுவார். சாராயம் தொடமாட்டார். வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி கிடையாது. சஷ்டி வந்தால் ஒரு வேளைச் சோறுதான். மூக்கையா பாஸைப்போல முருகபக்தர் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அது வயிற்றெரிச்சல். அந்தப் பக்தி அவராகத் தேடிக்கொண்டதல்ல. ஒரு டோர்ச் பல்பினால் வந்து தலையில் ஏறியது.

அந்தப் பல்பை அவர் ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த சமயத்தில்தான் திருச்செல்வம் மாஸ்டரின் வான் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து கொட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

மாஸ்டர் பருத்தித்துறைக்காரர். கண்டியில் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு பழைய டொல்பின் வான் ஒன்றை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில், மின்விசிறி, முழங்கால் உயரப் பிரிஜ், சோறு சமைக்கும் குக்கர் எல்லாம் வைத்து அதை ஓடும் வீடாக்கியிருந்தார். வீட்டுச் சாமான்களுக்கென்று தனியாக ஒரு பெரிய பற்றரி. எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கிற ஓல்டனேட்டரில் இருந்து ஒரு வயரை இழுத்துவிட்டால் போகிற போக்கில் அந்தப் பற்றரி நிறைந்துவிடும் என்று கனடாவிலிருக்கும் மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். மாஸ்டர் கடையில் கிடைத்ததிலேயே தடித்த வயரை வாங்கித் தன் கையாலேயே பூட்டினார். முதல் பயணம் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைதான். அங்கே ஒரு மணி நேர நெரிசல். ரப்பர் கருகும் நாற்றம், புகை, பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம். மாஸ்டரின் மனைவி தவமணி டீச்சர் கைப்பையோடு இறங்கி, பாலத்தின் மறு கரைக்கு நடந்தே போய்விட்டார்.

"வீடியோவிலை சொன்ன மாதிரித்தான் பாஸ் எல்லாம் செய்தனான்" என்றார் மாஸ்டர்.

மூக்கையா கருகிய ஓல்டனேட்டரை முகர்ந்து பார்த்தார்.

"கனடாவுல ரோடு நீட்டா கெடக்கும் மாஸ்டர். வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். நீங்க பாலத்துல நின்னுக்கிட்டு இருந்திருக்கீங்க. எஞ்சின் கொறட்ட விடுற வேகத்துல இதுக்கு என்னா தெம்பு வரும்? அந்தப் பக்கம் ஒங்க பற்றரி, மூணு நாள் பட்டினி கெடந்தவன் கல்யாணப் பந்தியில உக்காந்த மாதிரி. பரிமாற ஒருத்தன்தான் இருந்தான். அவன் கருகிட்டான்."

"அப்ப தடித்த வயர் பிழை எண்டு சொல்லுறீங்களோ?"

"கொஞ்சம் மெல்லிசா, நல்ல நீளமா போட்டுச் சுருட்டி வைக்கணும். வாசல் ஒடுக்கமா இருந்தா ஒவ்வொருத்தனாத்தான் உள்ள போவான்."

மாஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தடை! மின்தடை! இதை நான் முப்பது வருசம் படிப்பிச்சனான், பாஸ்!"

"நீங்க படிப்பிச்சீங்க. நான் கொழுந்து லொறியில ஓட்டுனேன்."

கூட வந்திருந்த தவமணி டீச்சர் வானுக்குள் ஏறாமல் வெளியே நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "இன்னொருக்கால் புகை வரட்டும், வானை வித்துப்போட்டு நான் ஹார்மோனியம் வாங்குவன். சொல்லிப்போட்டன்."

மூக்கையா வேலையில் இறங்கினார். வேறு ஓல்டனேட்டர் பூட்டினார். எஞ்சின் நின்றதும் இரண்டு பற்றரிகளையும் தானாகவே பிரித்துவிடுகிற ரிலே ஒன்றை வைத்தார். பத்து மீற்றர் வயரைச் சுருட்டி முன் சீட்டுக்கு அடியில் கட்டினார்.

"பற்றரி நிறையுதோ இல்லையோ எண்டு நான் எப்பிடி அறியிறது?" என்று மாஸ்டர் கேட்டார்.

மூக்கையா யோசிக்கவில்லை. கைதான் யோசித்தது. அது மேசை லாச்சியைத் திறந்து ஒரு டோர்ச் பல்பை எடுத்தது. சுருட்டிய வயரின் இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய கம்பி இழுத்து அந்தப் பல்புக்குக் கொடுத்தது. டாஷ்போர்டில் தவமணி டீச்சர் வைத்திருந்த முருகன் படத்தின் பின்னால், கிரீடத்துக்கு நேராக அதைச் செருகியது. எஞ்சினை முடுக்கினார்கள். வெறும் வயிற்றோடு இருந்த பற்றரி மின்சாரத்தை இழுக்க, முருகனின் தலை பளீரென்று ஒளிர்ந்தது.

"பற்றரி வெறுமையா இருந்தா வெளிச்சம். நெறய நெறய மங்கிடும். அம்புட்டுத்தான்" என்று சொன்ன மூக்கையாவுக்கு, தான் எங்கே கை வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏனென்றால் இதே வேலையை அவர் இதற்கு முன்னால் ஒரு தடவை செய்திருக்கிறார்.

எண்பத்தேழாம் வருடம் அது. ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மூக்கையா கொழுந்து லொறி ஓட்டினார். தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் மின்சாரம் இல்லை. ஆனால் டீவி இருந்தது. பத்துக் காம்பரா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. அது கார் பற்றரியில் ஓடும். பற்றரி இறங்கினால் தோளில் சுமந்துகொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் போட்டு வரவேண்டும். அசிட் ஒழுகி அந்த லயத்து ஆண்களின் சட்டைகளெல்லாம் தோள்பட்டையில் ஓட்டையாக இருந்தன. மூக்கையா ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளிக்கிழமை காலையில் வெறும் பற்றரியை லொறிச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார். லொறியின் ஓல்டனேட்டரிலிருந்து நீள வயரைச் சுருட்டி அதற்குக் கொடுப்பார். தோட்டத்து டீசலில் மலை ஏறி இறங்கி, பின்னேரம் நிறைந்த பற்றரி லயத்துக்குத் திரும்பும். சனிக்கிழமை படம் பார்க்கலாம். வயர்ச் சுருள் சூடாகும், சீட்டும் இளஞ்சூடாகும். "ஒன் லொறியிலதான்டா குளிருக்கு எதமா இருக்கு" என்று கணக்கப்பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு போவார். தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால்தான் பல்பை முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தார். சாமிக்கு விளக்கு வைத்த டிரைவரை எந்தத் துரை கேள்வி கேட்பான்?

துரை கேட்கவில்லை. கேட்டது நல்லம்மா.

நல்லம்மா கீழ் டிவிஷனில் கொழுந்து பறித்தாள். கறுப்பையா கங்காணியின் மகள். தொழிற்சாலையில் வேலை பார்த்த ராஜலிங்கத்துக்கு அவளைக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ராஜலிங்கத்திடம் சைக்கிள் இருந்தது, அதில் மணியும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை இறக்கிவிட்டு, அவள் லொறி ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, சாமி இப்பிடி ஜொலிக்கிறாரு? நேத்து ஒண்ணையும் காணோம்?"

"நீ வந்து நின்னா ஜொலிக்கிறாரு. நான் என்னா செய்ய?"

அவள் சிரிக்கவில்லை. படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அடுத்த மூணு வெள்ளிக்கெழமையும் ஜொலிக்கட்டும். அப்பறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மூக்கையா அன்றே மேல் லயத்துக்கு ஓடினார். முருகன் ஜொலிக்க வேண்டுமானால் பற்றரி காலியாக இருக்கவேண்டும். பற்றரி காலியாக இருக்கவேண்டுமானால் டீவி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்.

"படம் சனிக்கெழமதானேடா, மிச்ச நாளெல்லாம் என்னாத்தப் பாக்குறது?" என்றாள் டீவியின் பொறுப்பாளி அழகம்மா.

"எதையாச்சும் பாருங்கக்கா. செய்தியப் பாருங்க. எல்லாம் முடிஞ்சதும் வெள்ள வெள்ளையா புள்ளி வரும்ல, அதையாவது பாருங்க. நிப்பாட்டிடாதீங்க!"

மேல் லயம் அவருக்காகப் புள்ளி பார்த்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தது. வியாழக்கிழமை வரும்போது பற்றரி சோர்ந்து, டீவியில் தெரிகிற உருவமே தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். வெள்ளிக்கிழமை காலையில் முருகன் தேர்த் திருவிழாவைப்போல ஒளிர்வார். நல்லம்மா வருவாள், எட்டிப் பார்ப்பாள், போவாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை படத்துக்கு ஒரு செம்பரத்தம்பூ வைத்தாள். நாலாம் மாதம் கல்யாணம் நடந்தது. ராஜலிங்கம் சைக்கிளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான்.

விலை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கல்யாணமான முதல் வெள்ளிக்கிழமை மூக்கையா கருவாட்டுப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

"சாமி வெளிச்சம் காட்டுற மனுசன், வெள்ளிக்கெழமையில கருவாடா திங்கிறது?" என்றாள் நல்லம்மா. கருவாடு பக்கத்து வீட்டுக்குப் போனது. இன்னொரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு கால் போத்தல் போட்டுக்கொண்டு வந்தார். நல்லம்மா நேரே, எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்த லொறிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பாருங்க, நீங்க குடிச்சதுல சாமி மூஞ்சியே வாடிப்போயிருச்சு." பற்றரி நிறைந்துவிட்டதடி என்று சொல்ல நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும். அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளை நம்பித்தானே இவள் வந்தாள்? அவர் வாயை மூடிக்கொண்டார். சாராயத்தையும் விட்டார். லயத்துக்கு மின்சாரம் வந்து, டீவி பற்றரிகள் ஒழிந்து, லொறியும் பழைய இரும்புக்குப் போன பிறகும் விரதங்கள் மட்டும் முப்பத்தாறு வருடமாக அப்படியே இருந்தன.

இப்போது, 2023இல், அதேபோல ஒரு பல்பு மாஸ்டரின் வானில்.

"மலை ஏத்தி இறக்கிப் பரீட்சை செய்ய வேணும்" என்றார் மாஸ்டர். "வெள்ளிக்கிழமை ஹுன்னஸ்கிரிய போவம். நீங்கள் ஓட்டுங்கோ." தவமணி டீச்சர், "இந்த ரெண்டு ஆம்பிளையளை நம்பி நான் தனிய வரமாட்டன், உங்கடை மனுசியும் வரட்டும்" என்றார். நல்லம்மா உடனே சரி என்றாள்.

மூக்கையா மாஸ்டரைத் தனியாகக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்த பல்ப கழட்டிட்டு ஒரு மீற்றர் பூட்டித் தர்றேன், மாஸ்டர்."

"விசரே? இதைவிடத் திறமான மீற்றர் எங்கை கிடைக்கும்? நான் படத்தை நல்லாப் பசை போட்டு ஒட்டியும் போட்டன்."

"சரி, அப்ப பொம்பளைங்கக்கிட்ட இந்த பல்ப் விசயத்த மட்டும் சொல்லிடாதீங்க. சாமி வெளிச்சம்னே இருக்கட்டும்."

மாஸ்டரின் முகம் வகுப்பறைக்குப் போய்விட்டது. "அது பிழை பாஸ். மூடநம்பிக்கையை வளர்க்கப்படாது. ஆறுதலா இருந்து விளங்கப்படுத்த வேணும். நான் படம் கீறிக்கொண்டு வாறன்."

வெள்ளிக்கிழமை காலை மாஸ்டர் படத்தோடு வந்தார். சிவப்பு மையிலும் நீல மையிலும் கீறிய மின்சுற்றுப் படம்.

வான் வத்தேகமவை விட்டு நகர்ந்தது. மூக்கையா ஓட்டினார், பக்கத்தில் மாஸ்டர், பின்னால் கட்டிலில் இரண்டு பெண்களும். மாஸ்டர் வேண்டுமென்றே பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கி வைத்திருந்தார். முருகன் ஜெகஜோதியாக இருந்தார்.

"பாருங்கோ நல்லம்மா, என்ன பிரகாசம்!" என்று தவமணி டீச்சர் கும்பிட்டார். நல்லம்மா கச்சான் கடலை உரித்துக்கொண்டே படத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியில் தெரிந்த மூக்கையாவின் கண்களைப் பார்த்தாள். இன்னொரு கச்சானை உடைத்தாள்.

திகன தாண்டியதும் மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "உண்மையிலை இந்த வெளிச்சம் எங்கையிருந்து வருகுது எண்டால்..."

"மாஸ்டர், பின் டயர்ல ஒரு சத்தம்!" வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். மூக்கையா நாலு டயரையும் உதைத்தார். டயர்கள் நன்றாகத்தான் இருந்தன.

தெல்தெனியவில் மாஸ்டர் படத்தை விரித்தார். மூக்கையா எல்லா ஜன்னல்களையும் இறக்கிவிட்டார். காற்றடித்துப் படம் மாஸ்டரின் முகத்தில் ஒட்டிக்கொண்டது.

பின்னால் தவமணி டீச்சர் மின்விசிறியைப் போட்டார். முருகன் இன்னும் கொஞ்சம் ஒளிர்ந்தார். "முருகனுக்கும் காத்து விருப்பம் போலை!" பிரிஜ்ஜைப் போட்டார். இன்னும் ஒளிர்ந்தார். டீச்சருக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அரிசியே போடாமல் குக்கரின் சுவிட்சையும் தட்டினார். "இஞ்சேருங்கோ, அருள் கூடிக்கொண்டு போகுது!"

"அருள் இல்லையப்பா, அது லோட்..." என்று மாஸ்டர் தொடங்கினார்.

"வளைவு வருது மாஸ்டர், வளைவுல பேசப்படாது. டிரைவருக்குக் கவனம் செதறும்."

"எங்கை வளைவு? ரோடு நேராக் கிடக்குது."

"முன்னால வரும்."

வந்தது. ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி மலைப்பாதையின் பதினெட்டு வளைவையும் இறங்கித் திரும்ப ஏறும்வரை மூக்கையாவின் கை ஸ்டியரிங் வளையத்திலும் ஹோர்னிலும் மாறி மாறி இருந்தது. மாஸ்டர் வாயைத் திறந்தால் ஹோர்ன். எதிரே வந்த பஸ்காரன் ஒருவன் தலையை நீட்டிச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை நல்லபடியாகச் சொல்லிவிட்டுப் போனான். தவமணி டீச்சர் தலை சுற்றுகிறது என்று விசிறி, குக்கர், பிரிஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுபடி ஹுன்னஸ்கிரியவில் ஏறி, வண்டியைச் சரிவில் மூக்கு இறக்கத்தைப் பார்த்தபடி நிறுத்தினார் மூக்கையா. ஸ்டார்ட் ஆகாவிட்டால் தள்ளிவிடலாம் என்று மலைநாட்டு டிரைவர்கள் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவார்கள். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேர ஓட்டத்தில் முருகனின் கிரீடம் மங்கி, தணல்போல ஒரு சிவப்புப் புள்ளியாகியிருந்தது.

டீச்சர் எழுந்து பார்த்துப் பதறிப்போனார். "ஐயோ! என்ன குற்றம் செய்தம்? முருகன் ஒளியை எடுத்துப்போட்டார்!"

"ஒரு குற்றமும் இல்லை" என்று மாஸ்டர் கசங்கிய படத்தை மடியில் நீவினார். "நான் காலமை தொடக்கம் இதைத்தான் சொல்ல வெளிக்கிடுறன். இந்த வயரின்ரை ரெண்டு முனைக்கும்..."

மூக்கையா ஹோர்னில் கை வைத்தார். ஹோர்ன் நீளமாக அலறியது. அது ஓய்ந்ததும் பின்னாலிருந்து நல்லம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

"பயப்படாதீங்க டீச்சர். பற்றரி நெறஞ்சிருச்சு, அதான் சாமி மங்கிட்டாரு. எஞ்சின நிப்பாட்டச் சொல்லுங்க, டீசல் வீணாகுது."

மாஸ்டர் வாயைத் திறந்தபடியே திரும்பிப் பார்த்தார். மூக்கையா திரும்பவில்லை. சாவியைத் திருகினார். எஞ்சின் நின்றது. சிவப்புப் புள்ளியும் அணைந்தது.

நல்லம்மா இறங்கி, கச்சான் கோதுகளைச் சேலை மடியிலிருந்து உதறினாள். மூக்கையா மறு பக்கத்தால் இறங்கி, வானைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"எப்பருந்து தெரியும்?"

"மொத வாரத்துலருந்து. மேல் லயத்துப் பொம்பளைங்க அம்புட்டு பேரும் கண்ணு செவந்து வேலைக்கு வந்துச்சுங்க. அழகம்மா அக்கா நின்னுக்கிட்டே தூங்கி, கூடையோட சாஞ்சிருச்சு. என்னாக்கான்னு கேட்டேன். 'ஒன்னாலதான்டி புள்ளியப் பாத்துக்கிட்டு இருக்கோம், சட்டுனு சரின்னு சொல்லித் தொலை'ன்னுச்சு."

"தெரிஞ்சுக்கிட்டா மூணு வாரமும் பாத்த?"

"ஒரு மனுசன் எனக்காக ஒரு லயத்தையே தூங்கவிடாம வச்சிருக்கான். இன்னும் எம்புட்டு நாளைக்கு வைப்பான்னு பாக்க வேணாமா?" அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "ராஜலிங்கம் என்னா செஞ்சான்? மணி அடிச்சான்."

மூக்கையா மலையைப் பார்த்தார். முப்பத்தாறு வருடமாக நெஞ்சில் வைத்திருந்த கல் கீழே விழுந்துவிட்டது. விழுந்த இடத்தில் இன்னொன்று முளைத்தது.

"அப்ப கருவாடு? சாராயம்? சாமி மூஞ்சி வாடிருச்சுன்னு சொன்னியே!"

"வாடித்தான் இருந்துச்சு. பற்றரி நெறஞ்சா வாடும்டின்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேன். நீங்கதான் பேசாம நின்னீங்க. எனக்கென்னா, நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."

அதற்குள் வானுக்குள் வேறொரு சண்டை தொடங்கியிருந்தது. மூடநம்பிக்கைக்கு எதிரான மாஸ்டர், வெள்ளிக்கிழமையென்றும் பாராமல் பிரிஜ்ஜின் அடித்தட்டில் பொரித்த கோழி ஒளித்து வைத்திருந்ததைத் தவமணி டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். "நல்லாக் குளிராத்தானே இருக்குது? அப்ப பரீட்சை வெற்றி! வான் விக்கிறேல்லை!" என்று மாஸ்டர் கத்திக்கொண்டிருந்தார்.

கோழியின் மணம் மூக்கையாவின் மூக்குக்கு எட்டியது. அவர் நல்லம்மாவைப் பார்த்தார்.

"சாமி விசயத்துல வெளையாடாதீங்க" என்றாள் அவள். "இன்னைக்கு வெள்ளிக்கெழம."

"சாமிக்கிட்டயே கேட்டுருவோம்" என்றார் மூக்கையா.

டிரைவர் சீட்டில் ஏறி எஞ்சினை முடுக்கினார். எட்டி விசிறியைப் போட்டார். பிரிஜ்ஜைப் போட்டார். அரிசியில்லாத குக்கரையும் தட்டிவிட்டார். பத்து மீற்றர் வயர் சூடேற, முருகனின் கிரீடம் தணலிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து வெள்ளையாகி, எண்பத்தேழாம் வருடத்து வெள்ளிக்கிழமையைப்போலப் பளீரென்று எழுந்தது.

நல்லம்மா ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள். படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "அதுவும் சின்னதா."